பேச்சலரெட் பார்ட்டியில் ஆட யாரை அழைப்பது: தெரிந்த பையனா, தொழில்முறைக் கலைஞரா?

“அக்கா, 14 பேர். இஞ்சம்பாக்கத்துல வில்லா புக் பண்ணியாச்சு. ஆட வர்ற ஆள் விஷயத்துலதான் குரூப்பே ரெண்டா நிக்குது.”

போன வாரம் இரவு பதினொன்றரைக்குத் தங்கை முறையில் ஒருத்தி அனுப்பிய வாய்ஸ் நோட் இது. தை மாதம் அவளுடைய தோழிக்குக் கல்யாணம், அதற்கு முன்னால் மார்கழியில் தோழிகள் மணப்பெண்ணுக்கு வைக்கிற பேச்சலரெட் பார்ட்டி. குரூப்பில் பாதிப் பேர், ‘நம்ம ஆபீஸ் பையன் ஒருத்தன் இருக்கான், காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல பிரைஸ் அடிச்சவன், காசே கேக்க மாட்டான்’ என்கிறார்களாம். மீதிப் பேர், ‘ஈவென்ட் கம்பெனியில் சொன்னால் தொழில்காரர் வருவார், நமக்குத் தலைவலி இல்லை’ என்கிறார்களாம். மணப்பெண்ணோ ‘எனக்கு எதுவும் தெரியாது, சர்ப்ரைஸ் பண்ணுங்க’ என்று கைகழுவிவிட்டாள்.

நான் இதுவரை நான்கு பேச்சலரெட் பார்ட்டிகளுக்கு வேலை பார்த்திருக்கிறேன். நானாகக் கேட்டு வாங்கிய பதவி இல்லை. எக்செல் ஷீட் போடத் தெரிந்தவள் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் தப்பிக்க முடியாது. இதே கேள்வியோடு அந்தப் பெண்ணுக்கு முன்பே மூன்று பேர் வந்துவிட்டதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் போடுவதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எந்த மாதிரி ஆள்?

பேச்சலரெட் பார்ட்டிக்கு ஆண் டான்ஸர் என்றதும் பலர் மனதில் வருவது, சட்டையில்லாத உடம்பில் காலரும் போ-டையும் மட்டும் மாட்டிக்கொண்டு ஆடுகிற அமெரிக்க ஆட்டக்காரர்கள்தான். 1979-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய சிப்பெண்டேல்ஸ் குழு பிரபலமாக்கிய வழக்கம் அது. அதைத் தொடங்கியவர் பம்பாயில் பிறந்த சோமன் பானர்ஜி. ‘இதெல்லாம் நம்ம பக்கத்து விஷயமே இல்லை’ என்று சொல்கிற சித்தப்பாக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

சென்னையில் நாம் தேடுவது அது இல்லை. நான் விசாரித்த ஹோட்டல்களும் வில்லாக்காரர்களும் அந்தப் பேச்சுக்கே இடம் தரவில்லை. என்னிடம் கேட்ட பெண்களுக்கும் அது தேவையாக இல்லை. அவர்களுக்கு வேண்டியது வேறு: ரஜினி ஸ்டைலிலோ விஜய் ஸ்டைலிலோ மூன்று நான்கு பாட்டுக்கு ஆடி, மணப்பெண்ணைக் கொஞ்சம் கலாய்த்து, எல்லோரையும் எழுந்து ஆட வைத்துவிட்டுப் போகிற ஒரு ஆள். சிலர் கிட்டார் வாசித்துப் பாடுகிறவரைக் கேட்கிறார்கள், சிலர் ஸ்டாண்ட்-அப் காமெடியன், மேஜிக் என்று போகிறார்கள். கீழே சொல்வது பெரும்பாலும் ஆடுகிறவரைப் பற்றித்தான் என்றாலும் மற்றவர்களுக்கும் பொருந்தும்.

எதை வைத்து அளப்பது

திறமையை வைத்து அளக்க வேண்டாம் என்பதுதான் என் முதல் யோசனை. கல்ச்சுரல்ஸில் பரிசு வாங்கின பையன் நன்றாகத்தான் ஆடுவான். ஒரு டூயட்டில் கதாநாயகனுக்குப் பின்னால் நாற்பது பேரில் ஒருவராக ஆடிய ஆளைவிட அவன் நன்றாக ஆடவும் கூடும். ஆனால் அன்றைய ராத்திரி நல்லபடி முடிவதும் முடியாததும் ஆட்டத்தில் இல்லை.

பணம் ஒரு அளவுகோல். பேசின தொகையைப் பார்க்காமல், கடைசியில் பிரித்துப் போடும்போது தலைக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்தது நேரம்: அவர் அங்கே இருக்கப் போவது எவ்வளவு நேரம், அதில் எத்தனை நிமிடம் உருப்படியாகப் போகும். கடைசி நிமிடத்தில் வரமுடியவில்லை என்றால் யார் பொறுப்பு என்பது மூன்றாவது. இடம் எது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது நான்காவது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது ஒன்று உண்டு. வருகிற ஆள், வந்திருக்கிற யாருக்காவது தெரிந்தவரா, இல்லையா?

சென்னை பெரிய ஊர் என்று பெயர்தான். கல்யாண விஷயத்தில் இது ஒரு தெரு. மாம்பலத்தில் பெண் வீடு, நங்கநல்லூரில் மாப்பிள்ளை வீடு என்றால் நடுவில் இரண்டு வீட்டுக்கும் தெரிந்த பதினைந்து பேராவது இருப்பார்கள். பேச்சலரெட் பார்ட்டியில் தப்பாக எதுவும் நடப்பதில்லை. கேக், குலாப் ஜாமூன் ஷாட்ஸ், மாப்பிள்ளையைப் பற்றிக் கேள்வி-பதில் விளையாட்டு, ஒரு மணி நேரம் டான்ஸ், அவ்வளவுதான். ஆனால் பத்து விநாடி வீடியோவாக வெட்டி மாப்பிள்ளையின் சித்திக்கு அனுப்பினால் அது வேறு மாதிரி தெரியும். அதனால் ‘தெரிந்த பையன்’ என்பதில் உள்ள அந்தத் ‘தெரிந்த’ என்ற சொல்லைத்தான் முதலில் எடை போட வேண்டும். லாபமும் நஷ்டமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

தெரிந்த பையன்

மூன்று வருஷத்துக்கு முன்னால், வேளச்சேரியில் ஒரு தோழியின் பிளாட். நாங்கள் 12 பேர். எங்களில் ஒருத்தியின் டீமில் இருந்த பையன், 23 வயது இருக்கும். “காசெல்லாம் வேண்டாம்க்கா, சும்மா ஜாலிக்குத்தான்” என்று வந்தான். அவனே ஒரு ஜிகினா ஜாக்கெட் வாங்கியிருந்தான். வந்ததும் எல்லோருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னான். அப்போதே எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

முதல் பாட்டு அட்டகாசம். இரண்டாவது பாட்டில் பாதியில் இசை நின்று ஸ்பீக்கரில் ரிங்டோன் ஒலித்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது அவனுடைய போனிலிருந்து, புளூடூத்தில். பதற்றத்தில் கட் செய்யப் போய் ஆன் செய்துவிட்டான். “சாப்டியாடா? அந்த ஜாக்கெட்டைத் துவைக்காமப் போடாத, அரிக்கும்” என்று அவன் அம்மாவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். மணப்பெண்ணே போனை வாங்கி, “அவர் இன்னும் சாப்பிடலை ஆன்ட்டி, நாங்க போடறோம்” என்றாள். இன்றைக்கும் அந்த பார்ட்டியைப் பற்றிப் பேசினால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த போன்கால்தான். எந்தத் தொழில்முறைக் கலைஞரும் இதைத் தர முடியாது. தெரிந்த பையனுடைய பெரிய பலம் இது: நிகழ்ச்சி என்ற விறைப்பு இருக்காது, அறை சீக்கிரம் இளகிவிடும், பிசகினாலும் அது நம் வீட்டுப் பிசகு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மூன்று பாட்டு, 25 நிமிடம், அதோடு அவன் கையிருப்பு தீர்ந்தது. அதற்கப்புறம் என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. போகச் சொல்லவும் முடியாது, சாப்பிடச் சொல்லிவிட்டோமே. பெண்கள் தங்களுக்குள் பேச வேண்டியதை அவன் முன்னால் பேச முடியவில்லை. பிரியாணித் தட்டோடு பால்கனியில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருந்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒருத்தி, கொஞ்சம் அதிகமாகவே குடித்திருந்தாள், அவனுடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து ‘கழட்டு, கழட்டு’ என்று கூச்சல் போட்டாள். இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவன் சிரித்தான். காது மட்டும் சிவந்திருந்தது. தன் டீம் லீடின் தோழியிடம், ‘வேண்டாம்’ என்று அவன் எப்படிச் சொல்வான்? திங்கட்கிழமை ஆபீஸில் பார்க்க வேண்டுமே. நான் எழுந்து போய்ப் பாட்டை மாற்றினேன். அதையும் ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் செய்தேன். இதே காட்சியில் ஆணும் பெண்ணும் இடம் மாறியிருந்தால் நாங்கள் என்ன பேசியிருப்போம் என்று அன்று ராத்திரி யோசித்தேன்.

மறுநாள் காலை அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எட்டு விநாடி வீடியோ. கெட்ட எண்ணம் கிடையாது, பெருமைதான். மணப்பெண் பின்னால் கையில் கிளாஸோடு நிற்கிறாள். கிளாஸில் இருந்தது மோஜிட்டோ, அதிலும் மது இல்லாத மோஜிட்டோ. மத்தியானத்துக்குள் அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாணம் நிற்கவில்லை, ஆனால் நாத்தனார் இன்றைக்கும் சமயம் பார்த்து ‘மோஜிட்டோ’ என்கிறாளாம்.

தொழில்முறைக் கலைஞர்

ஆள் கிடைப்பதில் சென்னைக்குக் குறையே இல்லை. சினிமாவில் குழு நடனம் ஆடுகிறவர்கள் வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். ஷூட்டிங் இல்லாத நாட்களில் மேடை நிகழ்ச்சி, கம்பெனி விழா, சங்கீத் (கல்யாணத்தை ஒட்டி வைக்கும் ஆட்டம் பாட்டு) என்று போவார்கள். நேரடியாகப் பேசலாம், அல்லது ஈவென்ட் கம்பெனி வழியாக வரச் சொல்லலாம்.

போன வருஷம் உத்தண்டியில் ஒரு வில்லாவில் நடந்த பார்ட்டிக்கு ஈவென்ட் கம்பெனி வழியாகத்தான் ஒருவரை அழைத்தோம். ஏழரைக்கு வரச் சொன்னால் ஏழு மணிக்கே வந்தார், கூட ஒரு உதவியாளர். முதலில் கேட்டது, “கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கா? தரை டைல்ஸா, வழுக்குமா?” இரண்டாவது கேள்வி, “யாருக்காவது முழங்கால் ஆபரேஷன், கர்ப்பம், அப்படி இருக்கா? அவங்களை இழுக்க மாட்டேன்.” எனக்கு அப்போதே பாதிக் காசு வசூலானது போல இருந்தது. பாட்டெல்லாம் பென்டிரைவில், இன்னொரு காப்பி உதவியாளர் லேப்டாப்பில்.

அங்கேயும் ஒருத்தி சட்டையைப் பிடித்தாள். எந்த பார்ட்டியிலும் ஒருத்தி இருப்பாள் போல. அவர் முகம் மாறவில்லை. அவள் கையை மெதுவாக எடுத்து மேலே தூக்கி, “எல்லாரும் இந்த மாதிரி கையைத் தூக்குங்க” என்று மைக்கில் சொல்லி, அதையே அடுத்த ஸ்டெப்பாக மாற்றிவிட்டார். பதினாறு பேரும் கையைத் தூக்கி ஆடினோம். அவளுக்குக்கூட, தன்னை விலக்கிவிட்டார் என்று தெரியவில்லை. கொடுத்த காசு முழுக்க அந்த நாலு விநாடிக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. ஒன்பது மணிக்கு வணக்கம் சொல்லிக் கிளம்பினார். அதற்கப்புறம் நாங்கள் எங்களுக்குள் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. மறுநாள் அவர் வேறு ஊரில் வேறு விழாவில் இருந்திருப்பார்.

குறை இல்லையா என்றால், உண்டு. ஜோக்குகள் பழசு. மணப்பெண்ணின் பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். இதே வரிசை, இதே வசனம், நேற்று எங்கோ நடந்தது, நாளை எங்கோ நடக்கப் போகிறது என்பது தெரிந்துகொண்டே இருந்தது. ‘மாப்பிள்ளை முதலில் எங்கே முத்தம் கொடுத்தார்’ என்கிற ரகத்தில் விளையாட்டு வைத்திருக்கிறவர்களும் உண்டு. அத்தை பெண், நாத்தனார் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது அது நெளிய வைக்கும். என்னென்ன விளையாட்டு என்று முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆபத்து, ஆள் மாற்றம். என்னுடைய மூன்றாவது பார்ட்டியில் படத்தில் காட்டிய ஆள் ஒருவர், வந்து நின்றவர் வேறொருவர். ‘அவருக்கு திடீர்னு ஷூட்டிங் மேடம், இவரும் சூப்பரா ஆடுவார்.’ ஆடினார்தான், ஆனால் நாங்கள் விலை பேசியது படத்தில் இருந்தவருக்கு. வருகிற ஆளிடமே ஒருமுறை வீடியோ காலில் பேசி, ‘இந்தத் தேதிக்கு நான்தான் வருகிறேன்’ என்று அவர் வாயால் கேட்டபிறகு அட்வான்ஸ் அனுப்புவது நல்லது.

நோட்டுப் புத்தகக் கணக்கு

இரண்டு பார்ட்டிக்கும் ஆட்டத்துக்காக மட்டும் ஆன செலவு, நான் அன்றே எழுதி வைத்தபடி:

| செலவு | வேளச்சேரி, தெரிந்த பையன் (ரூ.) | உத்தண்டி, தொழில்முறைக் கலைஞர் (ரூ.) |
|---|---|---|
| பேசிய தொகை | 0 | 22,000 |
| ஜிஎஸ்டி 18% | 0 | 3,960 |
| ஸ்பீக்கர் வாடகை | 3,500 | பேசியதில் அடக்கம் |
| போக்குவரத்து | 900 | 2,500 |
| உடை (ஜிகினா ஜாக்கெட்) | 2,200 | 0 |
| பரிசு வாட்ச் | 4,500 | 0 |
| கூடுதல் அரை மணி | 0 | 5,000 |
| இருவர் சாப்பாடு | வீட்டுச் சாப்பாடு | 1,200 |
| மொத்தம் | 11,100 | 34,660 |
| தலைக்கு | 925 (12 பேர்) | சுமார் 2,166 (16 பேர்) |

‘காசே வேண்டாம்’ என்ற பையனுக்கு 11,100 ஆனது. சும்மா அனுப்ப மனசு வராது, அதுதான் காரணம். வாட்ச் வாங்கினோம், ஜாக்கெட் காசை வற்புறுத்திக் கொடுத்தோம். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். அதைவிட முதலிலேயே ஒரு தொகை பேசிக் கையில் கொடுப்பது அவனுக்கும் மரியாதை.

அந்த ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. தனியாகத் தொழில் செய்கிறவரின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் அவர் பதிவு செய்ய வேண்டியதில்லை, உங்களிடம் வரி கேட்கவும் மாட்டார். ஈவென்ட் கம்பெனி வழியாகப் போனால் 18% பெரும்பாலும் வரும். நாட்டுப்புறக் கலை, செவ்வியல் கலை நிகழ்த்துகிறவருக்கு, ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை வாங்கினால் வரிவிலக்கு உண்டு. சினிமாப் பாட்டுக்கு ஆடுவது அதில் சேராது. பேசும்போதே ‘வரியோடு சேர்த்தா, வரி தனியா’ என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

ஹோட்டலில் வைத்தால் இன்னொரு காகிதம் கேட்பார்கள்: பாட்டு போடுவதற்கு, பாட்டுகளின் பதிப்புரிமைக் கட்டணம் வசூலிக்கும் பிபிஎல், ஐபிஆர்எஸ் அமைப்புகளின் உரிமம். கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களுக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்பு தோழிகள் கூடுவது அதில் அடங்குமா என்று பேங்க்வெட் மேனேஜரோடு நின்று வாதாட யாருக்கும் தெம்பு இருக்காது. அந்த உரிமம் யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசி முடிப்பதுதான் சுலபம்.

ஆடியும் மார்கழியும்

தொழில்காரர்களுக்கு எப்போதும் ஒரே விலைதான் என்று பலர் நினைக்கிறார்கள். நம் கல்யாணக் காலண்டரைப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. ஆவணியில் கல்யாணம் என்றால் பேச்சலரெட் பார்ட்டி ஆடியில் விழும், தையில் என்றால் மார்கழியில். மண்டபம், வரவேற்பு என்று ஓடிக்கொண்டிருக்கிறவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் மாதங்கள் அவைதான். ஜவுளிக்கடைக்கு மட்டுமா ஆடித் தள்ளுபடி? கேட்டுப் பாருங்கள். போன ஆடியில் எங்களுக்கு 25 ஆயிரம் என்று ஆரம்பித்தது 18-இல் வந்து நின்றது.

மார்கழியில் மட்டும் ஒரு சிக்கல். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை கம்பெனி விருந்து, ரிசார்ட் நிகழ்ச்சி என்று நல்ல ஆட்கள் எல்லோரும் போய்விடுவார்கள். அந்த வாரத்தில் கிடைக்கிறவரும் விலையை ஏற்றித்தான் சொல்வார். ஜனவரி இரண்டாம் தேதிக்கும் போகிக்கும் நடுவில் ஒரு நாளைப் பிடித்தால் மறுபடி பேரம் பேசலாம்.

தெரிந்த பையனுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. ஆனால் அவனுக்கு ஆபீஸில் புராஜெக்ட் ரிலீஸ் இருக்கும், நைட் ஷிப்ட் இருக்கும், திடீரென்று ஊரிலிருந்து அப்பா வருவார். அவன் வரவில்லை என்றால் கேட்க நமக்கு உரிமையும் இல்லை. தொழில்காரரிடம் அட்வான்ஸ் ரசீதாவது கையில் இருக்கும்.

பத்து மணியும் பக்கத்து வீடும்

இது இருவருக்கும் பொது. ஒலி மாசு பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை, மூடிய அரங்கங்கள் தவிர வேறெங்கும் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. நாம் சாதாரணமாகப் பேசுவதே 60-ஐ ஒட்டி வரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஈசிஆரில் வில்லா என்றால் கடற்கரையில் தனித்தீவு என்று நினைப்பு. பக்கத்து காம்பவுண்டில் ஓய்வு பெற்ற ஒரு தம்பதி இருப்பார்கள், அவர்களிடம் காவல் நிலைய எண் இருக்கும். தொழில்காரர் மணியைப் பார்த்துத் தானே ஒலியைக் குறைப்பார். தெரிந்த பையனிடம் நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆபாசம் என்ற புகார் வந்தால்? இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 296-ஆம் பிரிவு பொது இடத்தில் பிறரை எரிச்சலூட்டும் ஆபாசச் செயல்களுக்கும் பாட்டுக்கும்தான். மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான்கு சுவருக்குள் உடுப்போடு ஆடுகிற ஆட்டத்துக்கு அந்தப் பயம் வேண்டாம். சாலையைப் பார்த்த மொட்டைமாடி என்றால் யோசியுங்கள். குடிக்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும், கூட வருகிற கல்லூரித் தங்கைகளை மனதில் வைத்துச் சொல்லிவிடுகிறேன்.

எப்போது யார்

பத்துப் பேருக்குள், எல்லோரும் ஒரே கல்லூரி அல்லது ஒரே ஆபீஸ், மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து யாரும் இல்லை, வீட்டு ஹாலில் நடக்கிறது, வருகிற பையன் மணப்பெண்ணுக்கே நண்பன். அப்படியென்றால் தெரிந்த பையன்தான். தொழில்காரரைக் கூப்பிட்டால் அந்தச் சின்ன அறையில் அவர் குரல் மட்டும் பெரிதாகக் கேட்கும். பாட்டு, கிட்டார் என்றால் இன்னும் பொருத்தம். பாடுகிறவனிடம் ‘கழட்டு’ என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அவன் யாருக்குக் கீழும் வேலை செய்கிறவனாக இருக்கக் கூடாது. அதை நான் இப்போது கறாராகப் பார்க்கிறேன்.

பதினைந்தைத் தாண்டினாலோ, ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று கூட்டம் ஒன்றாகச் சேர்ந்தாலோ, நாத்தனாரோ மாப்பிள்ளையின் அத்தை பெண்ணோ வருவதாக இருந்தாலோ, மது இருந்தாலோ தொழில்காரர். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. கூட்டத்தை ஒன்று சேர்ப்பதும் விலக்குவதும் அவருடைய தொழில், நம் தோழியின் தம்பியுடைய தொழில் இல்லை.

யார் வந்தாலும் வீடியோ எடுக்கும் போன் ஒன்றே ஒன்று, அது நம் ஆள் கையில். மற்றதெல்லாம் ஒரு கூடையில். வருகிறவருக்கு உடை மாற்ற ஒரு அறை, தண்ணீர், திரும்பிப் போக வண்டி. இரவு ஒன்பதரைக்கு உத்தண்டியில் நின்று ஆட்டோவுக்குக் கை காட்டினால் என்ன கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

நடுவில் ஒரு வழி

நான்காவது பார்ட்டியில் நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டு, அடையாறில் வகுப்பு நடத்துகிற ஒரு டான்ஸ் மாஸ்டரை இரண்டு மணி நேரத்துக்கு அழைத்தோம். அவர் ஆட வரவில்லை, எங்களை ஆட வைக்க வந்தார். சங்கீத்துக்கு ஆட வேண்டிய ஒரு பாட்டை எங்கள் பதினோரு பேருக்கும் கற்றுக்கொடுத்தார். ஆறாயிரம் வாங்கினார். ஆள் தொழில்முறைக்காரர், கூச்சம் தெரிந்தவர், யாருக்கும் உறவும் இல்லை. மணப்பெண்ணின் அம்மாவுக்குக்கூட ‘டான்ஸ் கிளாஸ்’ என்று உண்மையையே சொல்ல முடிந்தது. பெண்கள் ஆடுவார்கள், மாஸ்டர் ஓரமாக நின்று எண்ணிக்கை சொல்வார். ‘ஹீரோ வருவான்’ என்ற எதிர்பார்ப்போடு இருக்கிற கூட்டத்துக்கு இது சப்பென்று இருக்கும். மற்றவர்களுக்கு நான் இப்போது முதலில் சொல்வது இதைத்தான்.

வாய்ஸ் நோட் அனுப்பியவளின் கதைக்கு வருகிறேன். கூப்பிட்டு விசாரித்தேன். 14 பேரில் இரண்டு பேர் மாப்பிள்ளையின் சித்தப்பா பெண்கள். அந்த ‘ஆபீஸ் பையன்’ மணப்பெண்ணின் டீமில் போன ஜூலையில்தான் சேர்ந்தவன். வில்லாவில் பாரும் உண்டு. தேதி டிசம்பர் 27. தொழில்காரரைக் கூப்பிடு, ஐம்பது நிமிடம் போதும், எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் அனுப்பிவிடு, முடிந்தால் தேதியை ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளு என்றேன். “பையன் மனசு கஷ்டப்படுவானேக்கா, ஏற்கெனவே கேட்டுட்டோமே” என்றாள். சங்கீத்தில் எல்லோர் முன்னாலும் ஆடச் சொல், அங்கே அவன் அம்மாவும் வந்து பார்க்கலாம் என்றேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம், “சரிக்கா, ஆனா வில்லாக்காரர் ஸ்பீக்கரை நீச்சல்குளத்துப் பக்கம் வெக்கக் கூடாதுங்கறார், அதுக்கு என்ன பண்றது?” என்று அடுத்ததை ஆரம்பித்தாள்.